கிழக்கில் தலை வைத்தவர்

செங்கழுநீர்க்குடியில் பேய்க்கும் தெரு உண்டு என்பது பிரகதாம்பாளுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

“இது வடக்குப் பக்கத்துப் பேய் மேடம்,” என்றார் மாசிலாமணி. கல்லறைத் தோட்டத்தைக் குறுக்கே பிரிக்கும் சுவரின் மேல் கை படாமல் எட்டிப் பார்த்தார். “தெக்கால படுத்திருக்கிறது பூரா எங்க ஆளுங்க. அவங்க இப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க.”

“படிச்ச பேய்ங்க,” என்றான் முபாரக்.

பிரகதாம்பாள் அவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

மாசிலாமணி அந்தச் சபையின் செயலாளர். பெயருக்கு முன்னால் கௌரவ டாக்டர், பின்னால் வரிசையாகக் கமிட்டிகள், நடுவில் கோட்டு போட்ட ஒரு மனிதர். அவருடைய சபைக்கு இந்த வாரம் இருநூறாவது ஆண்டு விழா. பிஷப் வந்து புதிய மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டுவதாக ஏற்பாடு. மண்டபம் எழும்ப வேண்டிய இடம் சுவருக்கு வடக்கே இருந்த பழைய கல்லறை நிலம். அங்கே ஜேசிபியை இறக்கிய அன்றே, பெயரில்லாத ஒரு மண்மேட்டின் மேல் மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டான். அன்றிலிருந்து தினமும், பொழுது சாய்ந்ததும், காவலுக்கு ஆள் போட்டும், மெழுகுவர்த்தி எரிகிறது. ஏற்றுகிறவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால்தான் கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை மாடியில் இருக்கும் பிரகதாம்பாளின் துப்பறியும் நிலையத்துக்கு ஆள் போயிற்று. அவள் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து, வக்கீல்கள் பேசியதை எழுதி எழுதியே பொய்யின் வாசனை பிடிபட்டு, விருப்ப ஓய்வு வாங்கியவள். உதவியாளன் முபாரக் நாற்பதைத் தாண்டியவன். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு ஊர் டிஜே முளைத்ததும் துப்பறிய வந்துவிட்டான்.

“அதோ,” என்றார் மாசிலாமணி.

சுவருக்கு அந்தப்புறம், வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த மண்ணில், சிலுவையோ கல்லோ இல்லாத மேடு. அதன் ஒரு நுனியில் சுடர். தை பிறந்தும் பனி விடவில்லை. வெளிச்சத்தைச் சுற்றி அது மஞ்சளாகத் தேங்கியிருந்தது. அறுப்புக்குக் காத்திருந்த சம்பா வயல் அசையாமல் நின்றது. காற்றே இல்லை. சுடர் மட்டும், பக்கத்தில் யாரோ குனிந்து மூச்சு விடுவதுபோல, கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. பின்னால் சபையின் கோயிலுக்குள்ளிருந்து கீபோர்டில் ஒரு பாமாலை ராகம் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

“அது யாரு வாசிக்கிறது?”

“எங்கக்கா. ரெத்தினம் டீச்சர். தினம் இந்நேரத்துக்குத் தனியா உக்காந்து பழகுவாங்க. விழாவுக்கு அவங்கதான் கீபோர்டு.”

பிரகதாம்பாள் சுவரில் இருந்த இடைவெளி வழியாக மேட்டருகே போனாள். முபாரக் பின்னால் போனான். மாசிலாமணி தெற்கிலேயே நின்றார். அவருடைய பூட்ஸ் பழக்கப்பட்ட மண்ணை விட்டு நகரவில்லை.

“நல்ல மெழுகுவர்த்தி மேடம். கரண்ட் போனா ஏத்துற சாதி இல்ல, பீடத்துல வைக்கிற ரகம்.”

“அது இருக்கட்டும். எந்தப் பக்கம் வச்சிருக்கு பாரு.”

சூரியன் கோயிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தி அதற்கு எதிர்ப்பக்கம், மேட்டின் கிழக்கு நுனியில் நின்றது. பிரகதாம்பாள் திரும்பிக் குரல் கொடுத்தாள். “சார், உங்க வழக்கத்துல விளக்கு எங்க வைப்பாங்க?”

“தலைமாட்டுல.”

“தலை எந்தப் பக்கம்?”

மாசிலாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கம் கேட்டால் பேயைக்கூட மறந்துவிடும் மனிதர் அவர். “எங்க சபையில இருநூறு வருஷமா ஒரே ஒழுங்கு மேடம். தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி எக்காளம் ஊதினதும் எந்திரிச்சா, ஆண்டவர் வர்ற கிழக்கப் பாத்து நிக்கணும். குருவானவருங்கள, நாங்க ஐயருன்னு கூப்பிடுவோம், அவங்கள மட்டும் மாத்திக் கிடத்துவோம். தலை கிழக்கே. அவங்க எந்திரிச்சதும் சபையைப் பாத்து நிக்கணும்ல?”

“அன்னிக்கும் பிரசங்கம் உண்டா சார்?” என்றான் முபாரக்.

“அப்போ இந்த விளக்கு கால்மாட்டுல இருக்கு,” என்றாள் பிரகதாம்பாள்.

“பேய்க்கு என்ன ஒழுங்கு தெரியும்?” என்றார் மாசிலாமணி. ஆனால் அதற்குப் பிறகு வேறு எதையும் விளக்கவில்லை. பிரகதாம்பாள் அதையும் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் கோயிலைச் சுற்றிக் காட்டினார். வெள்ளையடித்த சுவர், தேக்கு உத்தரம், உள்ளே நுழைந்ததும் ஒரு குளிர். தெற்குப் பக்கத்துப் பெஞ்சுகள் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்தன. வடக்குப் பக்கத்துப் பெஞ்சுகளில் தூசி.

“இந்தப் பக்கம் யாரும் உக்கார்றதில்லையா?”

“அவங்கெல்லாம் பைபாஸ்ல ஒரு தகரக் கொட்டகையில ஜெபக்கூட்டம் வச்சுக்கிட்டாங்க. கிடார், டிரம்ஸ். நாங்க யாரையும் போகச் சொல்லல.”

“தெற்குல இடம் நெருக்கடின்னா நீங்க இங்க வந்து உக்காரலாமே?”

மாசிலாமணி கேள்வியே புரியாதவர்போலப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வடக்கே ஆளில்லாத பெஞ்சுகளின் மேல் மின்விசிறிகள் மட்டும் சுற்றும். ஸ்விட்ச் பொது.

வடக்குச் சுவரில் ஒரு கதவு இருந்தது. பிரகதாம்பாள் அதைக் காட்டினாள். “இது?”

“அவங்க வர்ற வாசல். இப்ப யாரும் வர்றதில்ல.”

“காவலுக்குப் போட்ட ஆளுங்க எங்க நின்னாங்க?”

“மெயின் கேட்டுல ஒருத்தர். கல்லறைச் சுவர் இடைவெளியில ஒருத்தர். வாய்க்காக் கரையில ஒருத்தர். வேற வழியே கிடையாது மேடம்.”

முபாரக் அந்தக் கதவைப் பார்த்தான், பிறகு மாசிலாமணியைப் பார்த்தான். கதவு ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. மாசிலாமணியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கோயில் முகப்பில் சபையை நிறுவிய மிராசுதார் துரைசிங்கத்துக்குப் புதுப் பளிங்குக் கல்லறை. மாசிலாமணியின் மூதாதை என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. செத்தவரைவிட மாசிலாமணியின் பெயர் ஒரு விரல் பெரிது. அதன் முன் நின்று அவர் சபை வரலாற்றைச் சொன்னார். வெள்ளைக்காரப் பாதிரித் துரைமார் வந்தது, பள்ளிக்கூடம் கட்டியது, கடைசித் துரை கப்பலேறியது. நெடுங்காலம் கழித்து முதல் தமிழ்க் குருவானவர் தெற்குத் தெருவிலிருந்து வந்தது.

“துரை போனதுக்கும் அவர் வந்ததுக்கும் நடுவுல?”

“கர்த்தரே சபையை நடத்தினார். விழா மலர்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம்?”

“நடந்திருக்கு.”

“கல்யாணம்? அடக்கம்?”

“எல்லாம் கிருபையால நடந்திருக்கு மேடம்.”

“நல்ல ஸ்டாஃப்,” என்றான் முபாரக். “சம்பளமும் கிடையாது, டிரான்ஸ்ஃபரும் கிடையாது.”

டீக்கடையில் ஜேசிபி டிரைவர் வீரையனைப் பிடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரன்.

“எரியிற விளக்கு மேல வண்டிய ஏத்த முடியுமாம்மா? நான் வேற சாமிக்காரன்தான். இருந்தாலும் மனசு கேக்குமா?”

“மண்டபத்துக்கு எவ்வளவு தூரம் எடுக்கணும்னு கயிறு புடிச்சுக் காட்டினாங்களா?”

“எங்கம்மா? சுண்ணாம்புக் கோடுகூடப் போடல. அந்த மேட்ட மட்டும் முதல்ல எடு, மத்தது அப்புறம்னாரு செயலாளர். ஆழமா எடுக்கச் சொன்னாரு. மண்ண அங்க கொட்ட வேணாம், ஊருக்கு வெளிய கொண்டுபோயிடணும்னாரு.”

பிரகதாம்பாள் டீயைக் குடிக்காமல் வைத்தாள்.

“இன்னிக்கு சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு,” என்றான் வீரையன். “நீங்க பேயப் புடிச்சிடுவீங்களாம். புடிச்ச கையோட எடுத்துடணுமாம்.”

பொழுது சாயும்போது வாய்க்கால் கரை வழியாக ஜேசிபி வந்து வடக்கு நிலத்தில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் மாசிலாமணி. அன்று வேறு வழியில்லாமல் சுவரைத் தாண்டியிருந்தார். பிரகதாம்பாளும் முபாரக்கும் கோயில் வாசலில் நின்றார்கள். உள்ளே அதே பாமாலை. பனி இறங்கி, தென்னைகளை இடுப்போடு வெட்டிவிட்டிருந்தது.

முபாரக் திடீரென்று கையைத் தூக்கினான். “மேடம், கேளுங்க. இப்ப ஒரு சுரம் தப்பா விழும்.”

விழுந்தது.

“நேத்தும் இதே இடத்துல இதே தப்பு.”

“அவங்களுக்கு அந்த இடம் வராதோ என்னவோ.”

“இல்ல மேடம். வாசிக்கிறவன் ஒரு இடத்துல தப்பினா, மறுநாள் அங்க பயந்து மெதுவாப் போவான், இல்ல வேற மாதிரி தப்புவான். நான் எத்தனை மேடையில தப்பியிருக்கேன்! ஒரே தப்ப அதே அழுத்தத்தோட செய்யணும்னா அது மிஷினாலதான் முடியும்.”

கதவைத் தள்ளினார்கள். உள்ளே விளக்கில்லை. பீடத்தின் பக்கத்தில் கீபோர்டு. அதன் முன்னால் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. கட்டைகள் ஒன்றுகூட அசையவில்லை. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. இருநூறு வருஷத்துக் கோயில் முழுக்க அது நிறைந்து, காலியான வடக்குப் பெஞ்சுகளுக்கு நடுவே போய் உட்கார்வதுபோல் இருந்தது. முபாரக்கின் முன்னங்கை மயிர் நின்றது. பதிவு செய்து ஓடவிட்டது என்று கண்டுபிடித்தவனே அவன்தான். இருந்தும் நின்றது.

“நேத்தே உள்ள வருவீங்கன்னு நெனச்சேன்,” என்றது ஒரு குரல்.

வடக்குக் கதவருகே ரெத்தினம் டீச்சர் நின்றிருந்தார். ஓய்வு பெற்றும் பள்ளிக்கூடச் சேலைக்கட்டு மாறாத பெண்மணி. கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி. கதவு பாதி திறந்திருந்தது.

“இதுக்குப் பூட்டே இல்லையா டீச்சர்?” என்றான் முபாரக்.

“உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும்தான். எங்க தெருவுல யாருக்கும் இது ஒரு கதவாவே தெரியாது. இதுல ஒருத்தர் போவாங்க வருவாங்கன்னு தோணாது.”

“விளக்க நீங்க கிழக்கு நுனியில வச்சீங்க,” என்றாள் பிரகதாம்பாள். “பயமுறுத்த நினைக்கிறவங்க வழக்கப்படி மேற்கே வச்சிருப்பாங்க. தலை கிழக்கே இருக்குன்னு தெரிஞ்சவங்கதான் அங்க வைப்பாங்க. தலை கிழக்கேன்னா, படுத்திருக்கிறது ஒரு குருவானவர். கர்த்தரே சபையை நடத்தின காலத்துல நடத்தின ஆள்.”

டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடினார். “கால்மாட்டுல வைக்க மனசு வருமாம்மா?” என்றார். பிறகு, “இன்னிக்கு அவர எடுத்துடுவாங்க இல்ல? எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் நான் எங்க போய் விளக்கு வைக்கிறது?”

“வாங்க. உங்க தம்பி முன்னாலயே வைங்க.”

வடக்கு வாசல் வழியாக மூன்று பேரும் இறங்கினார்கள். பனிக்குள்ளிருந்து அவர்கள் வருவதைப் பார்த்த மாசிலாமணியின் வாய் திறந்தது, மூடவில்லை. கோயிலுக்குள் பாமாலை ஒலித்துக்கொண்டே இருந்தது. அவர் கோயிலைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி கோயிலைப் பார்த்தார்.

“அக்கா, நீ உள்ள வாசிச்சிட்டுல்ல இருக்க?”

“பதிஞ்சு வச்சது சார்,” என்றான் முபாரக். “மலர்ல நீங்க வரலாறு எழுதின மாதிரி.”

டீச்சர் மேட்டின் கிழக்கு நுனியில் மண்டியிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. வீரையன் கையை லீவரிலிருந்து எடுத்துவிட்டான்.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். “பாத்தீங்களா மேடம்? அக்காவுக்கு வயசாயிடுச்சு. மனசு சரியில்ல. உங்க வேலை முடிஞ்சுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். வீரையா, நீ ஆரம்பி.”

“என் வேலை முடியல சார்,” என்றாள் பிரகதாம்பாள். “ரோட்டோரமா மேட்டு நிலம் சும்மா கிடக்கு. அத விட்டுட்டு வாய்க்காத் தண்ணி ஊறுற பள்ளத்துல மண்டபம் கட்டுறீங்க. கட்டடத்துக்கு ஒரு கோடுகூடப் போடல. இந்த மேட்ட மட்டும் ஆழமா எடுத்து ஊருக்கு வெளிய கொட்டச் சொல்லியிருக்கீங்க. நேத்து விளக்கு கால்மாட்டுல இருக்குன்னு நான் சொன்னதும் உங்க பேச்சே நின்னுபோச்சு. இதுல யாரு படுத்திருக்காங்கன்னு உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியும். பேயப் புடிக்க எங்களக் கூப்பிடல நீங்க. இந்த ரகசியம் தெரிஞ்ச இன்னொரு ஆள் யாருன்னு பாக்கத்தான் கூப்பிட்டீங்க.”

மாசிலாமணியின் கண் டீச்சர் மேல் நின்றது.

“அப்பா உன்கிட்டயுமா சொன்னாரு?”

“சொன்னாரு.”

“என்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னாரே!”

“என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு மாசிலா.”

முபாரக் மெதுவாகக் கேட்டான். “டீச்சர், இவரு உங்களுக்கு...?”

“எங்க பூட்டன். அப்பாவோட தாத்தா. வடக்குத் தெரு.” டீச்சர் மேட்டிலிருந்து கையை எடுக்காமல் பேசினார். “கடைசித் துரை போறப்ப இவருக்குக் குருப்பட்டம் குடுத்துட்டுப் போனாரு. இவர் கையால அப்பமும் திராட்சரசமும் வாங்க மாட்டோம்னு தெற்குத் தெரு எந்திரிச்சுப் போயிடுச்சு. அப்புறம் காலரா வந்துச்சு. அடக்கம் பண்ண வேற யாரும் கிட்ட வரல. இவர்தான் போனாரு. சுவருக்குத் தெற்கே அந்த வருஷங்கள்ல படுத்தவங்க அத்தனை பேரையும் கிடத்தினது இவர் கைதான். செத்தப்புறம் அந்தக் கை பரவாயில்லன்னு இருந்துட்டாங்க.”

சுடர் படபடத்து நின்றது.

“இவர் போனப்ப கல்லு வைக்கக் கூடாது, பேரு வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. இவரு ஜனங்க ஒண்ணும் பேசல. தலையக் கிழக்கே வச்சுக் கிடத்தி மண்ணத் தள்ளிட்டாங்க.”

“வடக்குத் தெருன்னா, நீங்க எப்படி தெற்குல?”

“இவர் மகன் ரங்கூன் போனாரு. போறப்ப வேட்டி, வர்றப்ப கோட்டு. தெற்குத் தெருவுல வீடு வாங்கினாரு. தெற்குப் பெஞ்சுல உக்காந்தாரு. பிற்பாடு யாரும் கேக்கல.”

“அப்போ முன்னால பளிங்குல ஒருத்தர் இருக்காரே, துரைசிங்கம்?”

“அவரு யாரோ.”

“வாடகைக்கு எடுத்த தாத்தா,” என்றான் முபாரக். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மாசிலாமணியின் கோட்டு திடீரென்று அவருக்குப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. “இந்த மேடு இருக்கிற வரைக்கும் நமக்கு ஆபத்துடான்னாரு அப்பா,” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “சாகுறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. நான் இத்தனை வருஷமா இந்தப் பக்கம் திரும்பினதில்லக்கா. ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உக்காந்தா, முதுகுல யாரோ பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

“என்கிட்ட அப்பா அதெல்லாம் சொல்லல. கல்லறைத் திருநாளுக்கு ஒரு விளக்கு வச்சிடும்மா, இதுவரைக்கும் நான் வச்சிட்டிருந்தேன்னாரு. வருஷத்துக்கு ஒரு தடவதான் வச்சிட்டிருந்தேன். நீ வண்டிய இறக்கினப்புறம்தான் தினம் வந்தேன்.”

“அப்பா வச்சாரா? இங்க வந்தா?”

“அந்த வாசல் வழியாத்தான்.”

மாசிலாமணி தலையைத் திருப்பி வடக்குக் கதவைப் பார்த்தார். காலையில் பார்த்த கதவுதான். வெகுநேரம் பார்த்தார். கோயிலுக்குள் பாட்டு முடிந்தது. ஜேசிபியின் உறுமல் மட்டும் மிஞ்சியது. அது நின்ற இடத்தில் தரை அதிர்ந்தது. மேட்டின் ஓரத்திலிருந்து மண் துளித்துளியாய் உதிர்ந்தது.

“சார், என்ன செய்யட்டும்?” என்று மேலிருந்து கத்தினான் வீரையன்.

மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி, இருநூறு வருஷ வரலாற்றைத் தடித்த மலராகப் போட்ட அந்த மனிதர், பள்ளிக்கூடப் பையன்போலக் கேட்டார்.

“அவரு பேரு என்னக்கா?”

டீச்சர் நிமிர்ந்தார். “உனக்குத் தெரியாதா?”

“மறைக்கச் சொன்னாரு. பேரச் சொல்லல.”

டீச்சர் சொன்னார். அவர் உதடு அசைந்தது தெரிந்தது. இயந்திரச் சத்தத்தில் வேறொன்றும் தெரியவில்லை.

“என்ன?”

மறுபடி சொன்னார். மாசிலாமணி காதைக் கையால் குவித்தார். குனிந்தார். தலையாட்டினார். கேட்கவில்லை.

பிறகு அவர் சேற்றில் கால் புதையப் புதைய ஜேசிபி பக்கம் நடந்தார். தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். “நிறுத்துய்யா! அணைச்சுத் தொலை! ஒண்ணும் கேக்கல!”

வீரையன் சாவியைத் திருப்பினான்.

சத்தம் அடங்கியதும் வாய்க்கால் கேட்டது. வயலில் ஏதோ ஒரு பறவை இடம் மாறி உட்கார்ந்தது. மாசிலாமணி திரும்பி வந்து, மேட்டுக்கு இந்தப்புறம், அக்காவுக்கு எதிரில் நின்றார். மூச்சு வாங்கியது.

“அடைக்கலம்,” என்றார் டீச்சர். “அடைக்கலம் ஐயர்.”

இந்தத் தடவை நன்றாகவே கேட்டிருந்தது.

“இன்னொரு தடவ சொல்லுக்கா,” என்றார் மாசிலாமணி.